திருகைக்காரியின் தலைப்பிள்ளை

ஒரு ஞாயிறும் தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கர்கூட, எகிப்துக்கு வந்த பத்து வாதைகளில் ஒன்பதைக் கோயிலில் கேட்காமலே செத்துப்போகலாம். பூசை வாசக அட்டவணையைச் சும்மா புரட்டிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்ட சங்கதி இது. ஒற்றைப்படை ஆண்டுகளில், பொதுக்காலம் 15ஆம் வாரத்தில், விடுதலைப்பயண நூல் நாள்தோறும் வாசிக்கப்படும். வியாழக்கிழமை மூன்றாம் அதிகாரத்தில் எரிகிற முட்செடியடியில் நிற்போம். வெள்ளிக்கிழமை பூசைக்குப் போனால் பதினோராம் அதிகாரத்தின் கடைசி வசனம். இரத்தம், தவளை, பேன், ஈ, மாட்டுச் சாவு, கொப்புளம், கல்மழை, வெட்டுக்கிளி, காரிருள் எல்லாம் அந்த ஓர் இரவுக்குள் ஓசையில்லாமல் கடந்துபோயிருக்கும். அட்டவணை போட்டவர்களுக்கு இடமில்லையா, மனமில்லையா என்று கேட்கத் தோன்றுகிறது. எனக்கு இரண்டாவதில்தான் சந்தேகம்.

பிறகு எப்படி எங்கள் திருகோணமலை உப்புவெளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் அந்தப் பத்தும் மனப்பாடம்? பாதி சினிமா, பாதி அம்மம்மா. பெரிய கிழமையில் தொலைக்காட்சியில் போடுகிற, 1956இல் வந்த சிசில் டிமில்லின் படம். ஆறு சிவக்கும், கல்மழை விழும், கடைசியில் ஒரு பச்சைப் புகை தெருத்தெருவாக ஊர்ந்துவந்து பிள்ளைகளை எடுத்துப்போகும். ஆனால் படத்தில் தவளை கிடையாது. ஒரு பிள்ளைக்கு அதைவிடப் பெரிய ஏமாற்றம் வேறு என்ன? மாரி தொடங்கினால் எங்கள் கிணற்றடி முழுக்கத் தவளைதான். படுக்கையில், மாக்குழைக்கிற தொட்டியில், ராசாவின் கட்டிலில் தவளை ஏறுகிற கட்டத்தைத்தான் நாங்கள் பார்க்க விரும்பினோம். அதை அம்மம்மாதான் நிரப்பினா.

அவ ஐந்தாம் வகுப்போடு நின்றவ. பழைய ஏற்பாட்டை அந்தக் காலத்து உபதேசியார் ஒருவரிடம் கேட்டே படித்தவ. மோயீசன் என்றுதான் சொல்லுவா, மோசே என்று அவவின் வாயில் வரவே வராது. திருகையில் பயறு உடைக்கும்போதுதான் கதை வரும். சாக்கை விரித்து, அதன்மேல் திருகையை வைத்து, ஒரு காலை நீட்டி, மற்றக் காலை மடக்கி இருப்பா. இடக்கை ஒவ்வொரு பிடி வறுத்த பயறாகக் குழிக்குள் போடும், வலக்கை முளையைப் பிடித்துச் சுற்றும். மேற்கல்லின் விளிம்பால் பருப்பு சிதறி விழும். கல் சுற்றுகிற வேகத்துக்குத்தான் கதையும் நகரும். இரத்தத்துக்குக் கொஞ்சம் மெதுவாக, வெட்டுக்கிளிக்கு வேகமாக.

தவளைக் கதையில் அவவுக்குப் பிடித்த இடங்கள் இரண்டு. மோயீசன் தவளையை வரவழைத்ததும், அரண்மனை மந்திரவாதிகள் தாங்களும் வல்லவர்கள் என்று காட்டத் தங்கள் பங்குக்கும் தவளையைக் கொண்டுவந்தார்களாம். "இருக்கிறது காணாதெண்டு இன்னும் கொஞ்சம்! போகப் பண்ணத் தெரியேல்ல, கூட்டத்தான் தெரிஞ்சிருக்கு" என்று சிரிப்பா. அரசாங்கங்கள் கூட்டுகிற நிபுணர் குழுக்களைப் பற்றி அதற்குப்பிறகு நான் வாசித்த எதுவும் இந்த ஒரு வரியைத் தாண்டவில்லை. மற்றது, எப்போது தவளையைப் போகச்சொல்லட்டும் என்று மோயீசன் கேட்க, பார்வோன் சொன்ன பதில். நாளைக்கு! இப்போதே என்று சொல்லியிருக்கலாம். கட்டிலில் தவளையோடு இன்னும் ஓர் இரவு படுக்கத் தயாராக இருந்த அந்த மனுசனைப் பற்றிப் பிற்காலத்தில் பெரிய பெரிய வேதபாரகர்கள் எழுதியதை வாசித்திருக்கிறேன். அவவின் தீர்ப்பு சுருக்கமானது. "கச்சேரியில இருக்கிறவன் நாளைக்கு எண்டுதான் சொல்லுவான்."

பத்தாவதுக்கு வரும்போது திருகை நின்றுவிடும். அந்தச் சாவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வேதம் அளந்து சொல்கிறது. அரியணையில் இருக்கிற பார்வோனின் தலைப்பிள்ளையில் தொடங்கி, திருகைக்குப் பின்னால் இருக்கிற அடிமைப்பெண்ணின் தலைப்பிள்ளை வரை. அம்மம்மா அந்த இடத்தில் கையை முளையிலிருந்து எடுத்துவிடுவா. "இப்பிடித்தான் அவளும் இருந்திருப்பாள்" என்பா. "அவள் என்னடி பிழை செய்தவள்?" பக்கத்தில் இருந்து பயறு பொறுக்குகிற சின்னம்மாவிடம்தான் அந்தக் கேள்வி போகும். சின்னம்மாவிடம் பதில் இருந்ததில்லை.

செத்த தவளைகளைக் குவியல் குவியலாகக் கூட்டி வைத்தார்கள், நாடே நாறியது என்று வேதத்தில் ஒரு வசனம் உண்டு. சின்ன வயதில் அது எங்களுக்குப் பகிடி. 2004 டிசம்பர் கடைசி வாரத்துக்குப் பிறகு அந்த வசனம் வந்தால் எங்கள் வீட்டில் ஒருவரும் சிரிப்பதில்லை.

அன்று ஞாயிறு, பௌர்ணமி, போயா விடுமுறை, நத்தாருக்கு மறுநாள். காலை 7 மணியளவில் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் 9.1 அளவில் அதிர்ந்தது. அலை எங்கள் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் ஒருவரும் எங்களுக்கு ஒரு சொல் சொல்லவில்லை. இந்து சமுத்திரத்துக்கு அப்போது எச்சரிக்கை அமைப்பே இல்லை. பிறகொருநாள் விடுதலைப்பயணத்தை அடியிலிருந்து வாசித்தபோது கல்மழை அதிகாரத்தில் நின்றுவிட்டேன். அங்கே எச்சரிக்கை இருக்கிறது. நாளைக்கு இந்நேரம் கல்மழை விழும், வெளியில் உள்ள மாட்டையும் ஆளையும் உள்ளே எடுத்துக்கொள் என்று எதிரிக்கே ஆண்டவர் முன்கூட்டி அறிவிக்கிறார். பார்வோனின் ஆட்களில் பயந்தவர்கள் எடுத்தார்கள், மற்றவர்கள் விட்டார்கள். வாதையை அனுப்புகிறவரே தப்புகிற வழியையும் சொல்கிறார். 26ஆம் திகதியை எகிப்தின் வாதைகளோடு சேர்த்துக் கட்டியவர்கள் இந்த அதிகாரத்தை வாசித்தார்களா தெரியாது.

அந்தக் காலைப் பூசையின் நற்செய்தி எது என்று பலருக்கு நினைவில்லை. திருக்குடும்ப விழா அது. அந்த ஆண்டுக்குரிய வாசகம் மத்தேயு இரண்டாம் அதிகாரம்: குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடு என்று யோசேப்புக்குக் கனவில் சம்மனசு சொன்னது. எந்த எகிப்தின் தலைப்பிள்ளைகள் ஒரே இரவில் செத்தார்களோ, அதே எகிப்துதான் தலைப்பிள்ளை ஒன்றைக் காப்பாற்றி வைத்திருந்தது. ஏரோது குழந்தைகளைக் கொன்ற மூன்று வசனங்களை அந்த ஞாயிறு வாசகம் தாண்டிப்போகும். அவை 28ஆம் திகதி, மாசில்லாக் குழந்தைகள் விழாவில் வரும். அந்த 28ஆம் திகதி எங்கள் கரையெல்லாம் பிள்ளைகளைப் புதைத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

பள்ளிக்கூடங்கள் முகாம்களாகின. சமைத்த சாப்பாடு வந்தது, உடுப்பு வந்தது, கொஞ்ச நாளில் ஒலிபெருக்கி கட்டிய வான் ஒன்றும் வந்தது. எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. இறங்கியவர் நல்ல குரல்வளம் உள்ளவர். எகிப்தின் பத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, பதினோராவதாகக் கடலைச் சேர்த்தார். கடற்கரையில் வெள்ளைக்காரர் அரைகுறை உடுப்போடு கிடந்தது, கள்ளு, சாராயம், சிலை வணக்கம் என்று காரணங்களை அடுக்கினார். அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அந்த மாதங்களில் ஒவ்வொரு சமயத்திலும் இப்படி ஒருவர் இருந்தார். ஒவ்வொருவரும் மற்றவரின் பாவத்தைத்தான் எண்ணினார்.

கரைவலைக்கார மாமா ஒருவர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஐயா, சாராயம் குடிக்கிறவன் நான். நான் இருக்கிறன். குடிக்காதது என்ர மனுசி" என்றார். வானில் வந்தவர் அவருக்காகச் செபிப்பதாகச் சொன்னார். மாமா எழுந்து போய்விட்டார்.

சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததை யேசுவே எடுத்துப் பேசியிருக்கிறார். செத்தவர்கள் எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விடப் பாவிகளா என்றால், இல்லை என்பது அவருடைய பதில். லூக்கா 13ஆம் அதிகாரம். இவ்வளவு நேரடியான பதில் கையில் இருக்க, அதைத் தாண்டி எகிப்துக்கு ஏன் ஓடவேண்டும்? எகிப்துக்கதையை எடுப்பதென்றாலும் அதை ஒழுங்காக வாசித்திருக்க வேண்டும். அந்தக் கதை யாருக்கு எதிராகச் சொல்லப்பட்டது? செங்கல் அறுக்கிற அடிமைகளுக்கு எதிராகவா, அறுக்க வைக்கிறவனுக்கு எதிராகவா? கூரை போனவர்களைக் கூட்டி வைத்து, நீங்கள்தான் பார்வோன் என்று சொல்வதற்கு வேதத்தைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும்.

முதல் வாதையைப் பார்ப்போம். ஆறு இரத்தமாகிறது. அதை ஏதோ மந்திர வித்தைபோலப் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் ஆறு அதிகாரத்துக்கு முன்னால், பிறக்கிற எபிரேய ஆண்குழந்தைகளை அந்த ஆற்றில்தான் எறியச் சொல்லிப் பார்வோன் உத்தரவிட்டிருந்தான். இரத்தம் புதிதாக வந்ததல்ல, உள்ளே போட்டது மேலே வந்தது. கிரேத்தா ஹோர்ட் என்ற அறிஞர் 1957இல் இந்த வாதைகளுக்கெல்லாம் இயற்கைக் காரணம் சொல்லி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். வெள்ளம் மிஞ்சிய ஆண்டில் செம்மண்ணும் நுண்ணுயிரியும் நைலைச் சிவக்கவைத்தன, மீன் செத்தது, தவளை கரையேறியது, ஈ பெருகியது என்று ஒன்றிலிருந்து ஒன்றாகக் கோத்துக்கொண்டு போகிறார். இருக்கலாம். கெட்டிக்காரத்தனமான வாசிப்புத்தான். ஆனால் ஆற்றில் குழந்தைகளைப் போட்டவன் யார் என்ற கேள்விக்கு நுண்ணுயிரி பதில் சொல்லாது.

அதே அதிகாரத்தில் அடுத்தடுத்து இரண்டு வசனங்கள் உண்டு. ஆறு இரத்தமானதும் பார்வோன் திரும்பித் தன் வீட்டுக்குள் போய்விட்டான், அதைப் பொருட்படுத்தவே இல்லை என்கிறது ஒன்று. எகிப்தியர் எல்லாரும் குடிதண்ணீருக்காக ஆற்றோரத்தைத் தோண்டினார்கள் என்கிறது மற்றது. இந்த இரண்டாவது வசனத்தை அலைக்குப் பிறகு உப்புவெளியில் விளக்கத் தேவையில்லை.

எங்கள் பக்கத்துக் கிணறுகள் ஆழமில்லாதவை. மணலுக்குள் இறங்கிய மழைத்தண்ணீர், கடலிலிருந்து ஊறிவந்த உப்புத்தண்ணீரின்மேல் ஒரு மெல்லிய படையாக மிதந்துகொண்டிருக்கும். நாங்கள் காலங்காலமாகக் குடித்தது அந்தப் படையைத்தான். அலை வந்து போனபின் கிணறெல்லாம் உப்பு, சேறு, சில கிணறுகளில் சொல்லக்கூடாததும். இறைத்தால் நல்ல தண்ணீர் ஊறும் என்று எல்லாருக்கும் எண்ணம். பம்பி பூட்டி இறைத்தார்கள். மேலே இருந்த உப்பை எடுக்கப்போக, அடியில் இருந்த உப்பும் மேலே ஏறியது. மெதுவாக இறையுங்கள், மழைக்குக் காத்திருங்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லத் தொடங்கியபோது பல கிணறுகளில் நல்ல தண்ணீரின் படை குழம்பிப்போயிருந்தது. அடுத்தடுத்த மாரிகள்தான் அதைக் கழுவின. அதுவரை பவுசரில் வந்த தண்ணீருக்கு வாளி வரிசை. வரிசையில் நின்ற அம்மம்மா, "எகிப்துச் சனம் கையால தோண்டினதுகள், எங்களுக்குப் பம்பி இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்" என்று சொன்னா. வீட்டுக்குள் போனவர்களைப் பற்றி அவ ஒன்றும் சொல்லவில்லை. அதை நான் சொல்லலாம். கரையிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றருக்குள், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள் ஒருவரும் வீடு கட்டக்கூடாது என்று அரசு அறிவித்தது. அதே கடல், எங்களுக்கு மட்டும் இரண்டு மடங்கு. விடுதிகளுக்கு விலக்கு இருந்தது, வள்ளக்காரருக்கு இருக்கவில்லை.

தோண்டுவது என்றால் இன்னொரு கிணறும் நினைவுக்கு வரும், நான் பிறக்க முன் வெட்டிய கிணறு.

உப்புவெளிக் கடற்கரையில் நின்று தெற்கே பார்த்தால் வளைந்த குடாவின் மறுமுனையில் சுவாமிமலை கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். அதன்மேல் கோணேசர். பெரிய வியாழன் மாலைப் பூசையின் முதல் வாசகம் விடுதலைப்பயணம் 12ஆம் அதிகாரம். ஆட்டுக்குட்டி, நிலைக்கதவில் இரத்தம், இடுப்பில் கச்சை, கையில் தடி. அதற்கு நடுவில், எகிப்தின் தெய்வங்கள் எல்லாவற்றுக்கும் தீர்ப்பு வழங்குவேன் என்று ஆண்டவர் சொல்கிற இடம் வரும். வேத விளக்கக்காரருக்கு மிகவும் பிடித்த வசனம். ஒவ்வொரு வாதையும் ஒவ்வொரு தெய்வத்துக்கு விழுந்த அடி என்று இதை வைத்துத்தான் பட்டியல் போடுவார்கள். நைல் வெள்ளத்தின் தெய்வமான ஹாப்பிக்கு இரத்தம், தவளைத்தலை கொண்ட ஹெக்கெத்துக்குத் தவளை, சூரியனான ராவுக்கு இருட்டு. ஹெக்கெத் பிரசவத்துக்குரிய தெய்வம் என்று பிறகு அறிந்தபோது எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. எகிப்தில் பிள்ளைபெறுகிற பெண்கள், திருகைக்காரி உட்பட, அவளைத்தானே கூப்பிட்டிருப்பார்கள்.

அயல் தெய்வங்களுக்குத் தீர்ப்பு என்ற வசனத்தை உரோமையில் கேட்பது வேறு, கோணேசர் மலை தெரிகிற கரையில் கேட்பது வேறு. 1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா அந்தக் கோயிலை இடித்துக் கல்லை எடுத்துக் கோட்டை கட்டினான். இன்று பிரெட்ரிக் கோட்டை என்கிறோமே, அதன் தொடக்கம் அதுதான். அவன் ஞானஸ்நானம் பெற்றவன். நிச்சயமாகப் பெரிய வியாழனுக்குப் பூசை கண்டவன். தன்னை மோயீசன் என்றே நினைத்திருப்பான். ஆனால் கப்பலும் பீரங்கியும் சேனையும் யாரிடம் இருந்தன? எகிப்தில் ராசாவே தெய்வம். எகிப்தின் தெய்வங்களுக்குத் தீர்ப்பு என்றால் முதலில் அந்த அரியணைக்குத்தான் தீர்ப்பு என்று படிக்கவும் வழியிருக்கிறது. எனக்கு அந்த வாசிப்புத்தான் சரி. அந்தக் கணக்கில் 1620களில் திருகோணமலையில் நின்ற பார்வோன் சிலுவை போட்டுக்கொண்டு நின்றான்.

ஆறுமுக நாவலரையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்வேன். மிசனரி பீற்றர் பேர்சிவலோடு இருந்து அவர் தமிழாக்க உதவிய வேதாகமம் 1850இல் அச்சாகியது. பார்வோனையும் தவளையையும் தமிழ் வசனத்தில் நடத்திக் கரைசேர்த்த கைகளில் ஒன்று ஒரு சைவனின் கை. நான்கு ஆண்டு கழித்துச் சைவதூஷண பரிகாரத்தில் அவர் மிசனரிமாருக்குப் பதில் சொன்னபோது, அவர்களுடைய வேதத்தின் சடங்குகளை எடுத்தே பதில் சொன்னார். வேதத்தைக் கரைத்துக் குடித்தவரிடம் வேதத்தைக் கொண்டுபோய்க் காட்டினால் வேறென்ன நடக்கும்!

அந்தக் கிணற்றுக்கு வருகிறேன். 1950இல் கோயிலுக்குச் சற்றுத் தள்ளிக் குடிதண்ணீருக்காகக் கிணறு வெட்டினார்கள். மண்வெட்டியில் தட்டுப்பட்டவை சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி. கோயில் இடிபட்ட நாளில் யாரோ கொண்டுவந்து புதைத்து வைத்த செப்புத் திருமேனிகள் என்பது ஊரின் நம்பிக்கை. புதிய கோயிலுக்கு 1963இல் குடமுழுக்கு நடந்தது. தீர்ப்பு வழங்கப்பட்ட தெய்வங்கள் தண்ணீருக்குத் தோண்டியவர்களின் கையில் திரும்பி வந்தார்கள். இதில் வேதாகமப் பொருள் ஏதும் உண்டா என்று நான் எந்தச் சுவாமியாரிடமும் கேட்டதில்லை. அம்மம்மா அந்தத் திருமேனிகள் ஊர்வலமாக வந்ததைத் தெருவோரம் நின்று பார்த்தவ. கும்பிட்டீர்களா என்று கேட்டால், "முக்காடு போட்டன்" என்று மட்டும் சொல்லுவா.

கிண்ணியாவில் எனக்கொரு ஆசிரிய நண்பர். அலை கிண்ணியா வைத்தியசாலைக்குள்ளேயே புகுந்தது, அவருடைய சொந்தத்திலும் ஆட்கள் போனார்கள். முஹர்ரம் பத்தாம் நாள் நோன்பு பிடிப்பார், மூஸா நபியையும் மக்களையும் ஃபிர்அவ்னிடமிருந்து அல்லாஹ் காப்பாற்றிய நாள் என்று. ஒருமுறை நோன்பு திறக்கப் போயிருந்தபோது பேச்சு வாதைகளில் விழுந்தது. குர்ஆனின் ஏழாம் அத்தியாயத்தில் ஓரிடத்தில் ஐந்தை அடுக்கிச் சொல்லியிருக்கிறது: வெள்ளம், வெட்டுக்கிளி, பேன், தவளை, இரத்தம். "உங்கட பட்டியல் ஆத்தில தொடங்குது மச்சான், எங்கட பட்டியல் வெள்ளத்தில தொடங்குது" என்றார். அப்படியென்றால் அலை அதில் சேருமா என்றேன். கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "அந்தத் தண்ணி ஃபிர்அவ்ன்ட மாளிகைக்குப் போனதெண்டா சேரும். இது மீன்காரர்ட குடிலுக்கெல்லோ வந்தது." பிறகு ஆசியா அம்மையாரைப் பற்றிச் சொன்னார், ஃபிர்அவ்னின் மனைவி, அவன் வீட்டுக்குள்ளேயே இருந்து இறைவனை நம்பியவர். எகிப்தை ஒட்டுமொத்தமாக எகிப்து என்று எழுதித் தள்ளாத ஒரு வாசல் அவர்களிடம் இருக்கிறது. எங்களிடம் அந்தத் திருகைக்காரி இருக்கிறாள், ஆனால் பெயர் இல்லாமல்.

கிழக்கில் நகரம் எரிந்த கதை கேட்க எகிப்துக்குப் போகவேண்டியதும் இல்லை. வைகாசி பிறந்தால் மட்டக்களப்பு முதல் எங்கள் மாவட்டம் வரை கண்ணகை அம்மன் கோயில்களில் கதவு திறக்கும். மதுரையை எரித்தவள் அவள். ஆனால் தீக்கு உத்தரவு கொடுக்கும்போது குழந்தைகளையும் கிழவர்களையும் பசுக்களையும் நல்லவர்களையும் விட்டுவிடச் சொன்னாள் என்று இளங்கோவடிகள் எழுதியிருக்கிறார். பத்தாம் வாதையோடு வைத்துப் பார்த்தால் கண்ணகிக்கு ஒரு புள்ளி கூட. கிழக்கின் கோயில்களில் மதுரை எரிந்தது நியாயமா என்று யாரும் பிரசங்கம் வைப்பதில்லை. குளிர்த்தி பாடுகிறார்கள். எரித்தவளுக்கே உடம்பெல்லாம் எரியும் என்று தெரிந்து, அவளைக் குளிரப்பண்ணுகிறார்கள். சினத்தின் நியாயத்தை ஒப்புக்கொண்டும் அதை ஆற்றவேண்டும் என்று தெரிந்த சனம். யூதர்களிடமும் இப்படி ஒன்று உண்டு. பாஸ்கா இரவில் பத்து வாதைகளின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் கிண்ணத்திலிருந்து ஒரு துளி திராட்சை இரசத்தைச் சிந்துவார்கள். எகிப்தியரும் செத்தார்களே, அதனால் எங்கள் கிண்ணம் நிறைந்திருக்கக்கூடாது என்று அதற்கு விளக்கம் சொல்கிறவர்கள் உண்டு. செங்கடலில் எகிப்தியர் மூழ்கியபோது பாடப்போன சம்மனசுகளை, என் கை செய்தவை மூழ்கும்போது உங்களுக்குப் பாட்டா என்று ஆண்டவரே தடுத்ததாக அவர்களுடைய தல்மூதில் ஒரு கதை. வானில் வந்தவருக்கு இந்தக் கதையைத்தான் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

வாதைக் கதையில் இரண்டாயிரம் ஆண்டாக எல்லாரையும் இடறுவது பார்வோனின் இதயம். ஆண்டவரே அதைக் கடினப்படுத்தினார் என்றால் குற்றம் யாருடையது? மூன்றாம் நூற்றாண்டில் ஓரிசன் இதோடு மல்லுக்கட்டினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் சொன்ன விடை எனக்குப் பிடிக்கும். முதல் ஐந்து வாதை வரை பார்வோன் தானாகத்தான் இதயத்தைக் கடினமாக வைத்திருக்கிறான். ஆறாவதில்தான் கடவுள் அதைச் செய்ததாக வேதம் சொல்கிறது. மனந்திரும்ப வாய்ப்பிருந்த காலமெல்லாம் திரும்பாதவனிடமிருந்து, ஒரு கட்டத்தில் திரும்புகிற வலுவே எடுக்கப்பட்டுவிடும், அதுதான் தண்டனை என்பது அவர் விடை. அலைக்குப் பிறகான நாட்டைப் பற்றி எழுதிவைத்ததுபோல இருக்கும். முதல் சில வாரம் சிங்களம், தமிழ், முஸ்லிம் என்று பாராமல் ஆளையாள் தூக்கினார்கள். நிவாரணத்தைச் சேர்ந்து பங்கிடும் உடன்படிக்கை 2005 ஜூனில் கைச்சாத்தானது. அடுத்த மாதமே நீதிமன்றத் தடை. 2006 ஜூலையில் எங்கள் மாவட்டத்தில் மாவிலாற்று அணைக்கதவைப் புலிகள் மூடினார்கள், வயல்களுக்குத் தண்ணீர் நின்றது, விமானம் குண்டு போட்டது, போர் திரும்பியது. ஆகஸ்டில் மூதூரில் 17 தொண்டுப் பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள், அலை நிவாரண வேலைக்கென்று வந்த பிள்ளைகள். எங்கள் கதையில் பார்வோனும் ஒருவனாக இருக்கவில்லை.

அதற்கும் முன்னால், 2006 ஜனவரி 2. அலை வந்து ஓராண்டும் ஒரு வாரமும். திருகோணமலைக் கடற்கரையில், காந்தி சிலைக்குப் பக்கத்தில், பொழுதுபட இருந்து கதைத்துக்கொண்டிருந்த ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வழக்கில் நிறுத்தப்பட்ட 13 பாதுகாப்புப் படையினரையும் 2019இல் நீதிமன்றம் விடுவித்தது. அந்தப் பிள்ளைகளின் சாவுக்கு ஒலிபெருக்கி வான் வரவில்லை. எகிப்து, பார்வோன், தலைப்பிள்ளை என்று எல்லாம் கண்முன்னால் இருந்தும், வேதத்தைக் கையில் எடுக்க ஒருவரும் துணியவில்லை. கடலைக் குற்றம் சொன்னால் கடல் திரும்பி ஒன்றும் செய்யாது.

வாதைகளின் பொருள் என்ன என்று இப்போது என்னிடம் கேட்டால், ஒரு சின்ன விவரத்தைத்தான் காட்டுவேன். தவளைக்கும் ஈக்கும் கல்மழைக்கும் வெட்டுக்கிளிக்கும் பார்வோன் மோயீசனைக் கூப்பிட்டு இதை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுகிறான். நான்கு முறையும் மோயீசன் போய் மன்றாடுகிறான், எதிரிக்காக. இவன் திருந்தமாட்டான் என்று தெரிந்துகொண்டும்தான். வாதைக்குக் காரணம் சொல்வதைவிட, அது நீங்கக் கைவிரித்து நிற்பதில் அவனுக்கு அதிக வேலை இருந்தது. மாமாவிடம் வந்த அந்தப் பிரசங்கியார் செபிக்கிறேன் என்றுதான் சொன்னார். ஆனால் எதை நீக்கச் செபித்தார்?

பத்தாவது வாதைக்கு மட்டும் மோயீசனும் மன்றாடவில்லை. நள்ளிரவில் நடந்து முடிந்துவிட்டது. அடிமைச் சனம் புளிக்காத மாவைத் தொட்டியோடு சீலையில் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு புறப்பட்டது. கூடவே பலதரப்பட்ட சனமும் கலந்து போனது என்று ஒரு வசனம். திருகைக்காரியும் அதற்குள் போயிருப்பாள் என்பது அம்மம்மாவின் கட்சி. "பிள்ளை செத்த வீட்டில என்னத்துக்கு இருக்கப்போறாள்? அதுவும் அவன்ர மாவை அரைச்சுக்கொண்டு." வேதத்தில் அப்படி இல்லையே என்றால், "எல்லாத்தையும் எழுதவே அவங்களுக்கு நேரமிருந்தது?" என்று வாயை அடைத்துவிடுவா.

கடைசிக் காலத்தில் ஒருநாள் சின்னம்மா, முந்தி அவ கேட்ட அதே கேள்வியை அவவிடமே கேட்டா. "அம்மா, அப்ப அவளின்ர பிள்ளைக்கு ஆர் பதில் சொல்லுறது?" அம்மம்மா கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தா. "போன உடன அவரிட்டக் கேக்கவெண்டு கொஞ்சம் வைச்சிருக்கிறன். அதுவும் அதுக்குள்ள இருக்கு" என்றா. முதலாவது என்ன என்று கேட்டோம். 1964 புயலில் கூரை பறந்த இரவு, நத்தாருக்கு மூன்று நாள் முன்னம், மடியில் கிடந்து செத்த தன் மூத்த பிள்ளையைப் பற்றியதாம். திருகைக்காரியுடையது இரண்டாவது.